சம்மதம் பெறப்பட்டது

ஜனவரி 19, ஞாயிறு

இன்று ஒரு படிப்பில் சேர்ந்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் இலவசமாக நடத்தும் பாடம். ‘மூளையும் மொழியும்’ என்று பெயர். எட்டு வாரம். பாடம் நடத்தும் பேராசிரியர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஓர் அம்மாள். படிப்பு முடியும்வரை ஆளுக்கொரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளச் சொன்னார். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, எந்த மொழியிலும் எழுதலாம், முதல் பக்கத்தில் மட்டும் நீங்கள் யார், இந்தப் பாடத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன்.

நான் நல்லசிவம். வயது அறுபத்தொன்று. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு டிப்ளமோ. ஊர் பவானி. என் மனைவி பூங்கோதை அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. எம்.ஏ., எம்.எட். போன நவம்பரில் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் கையும் ஓரளவு தேறிவிட்டன. வாக்கர் பிடித்து நடக்கிறாள். பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. திருப்பிச் சொல்ல வருவது ஒரே ஒரு சொல்: “அதான்.” தண்ணீர் வேண்டும் என்றாலும் அதான், வேண்டாம் என்றாலும் அதான்.

ஈரோட்டில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒரு கட்டுப் படங்கள் தந்திருக்கிறார். பசு, சீப்பு, குடை மாதிரியான படங்கள். “காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி அவங்க முன்னாடி உக்காருங்க சார். ஒவ்வொரு படமா காட்டுங்க. அவங்க வாயைத் திறக்கறவரைக்கும் காத்திருங்க. அவசரப்பட்டு நீங்களே சொல்லிடாதீங்க” என்றார்.

அடிப்படை தெரியாமல் ஒரு வேலையில் கை வைப்பது என் பழக்கமில்லை. ஒரு ஃபியூஸ் கட்டுவதற்கு முன்னால்கூட லைன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவன் நான். அதனால்தான் சேர்ந்தேன்.

படக் கட்டை இன்னும் பிரிக்கவில்லை. முதல் வாரப் பாடம் முடியட்டும்.

ஜனவரி 23, வியாழன்

முதல் தேர்வில் முழு மதிப்பெண். பேராசிரியரின் ஆங்கிலம் முதலில் பிடிபடவில்லை. நிறுத்தி நிறுத்தி, கீழே ஓடும் எழுத்தைப் படித்து, அகராதி பார்த்துக் கேட்கிறேன். ஒரு காணொலி பத்து நிமிடம் என்றால் எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனாலும் முழு மதிப்பெண்.

கோதையின் தங்கை தமயந்தி கோபியிலிருந்து வந்து நவம்பர் முதல் எங்களோடுதான் இருக்கிறாள். சமையல், அக்காளைக் குளிக்க வைப்பது, உடுத்திவிடுவது எல்லாம் அவள்தான். மதிப்பெண் விஷயத்தை அவளிடம் சொன்னேன். “அப்படீங்களா மாமா” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

கோதையின் பள்ளியிலிருந்து தலைமையாசிரியையும் நான்கு டீச்சர்களும் வந்தார்கள். கோதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாயின் வலது ஓரத்தில் எச்சில் இறங்கிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அது தெரிவதில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வந்தவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியதால் நான் பேச ஆரம்பித்தேன். மூளையின் இடது பக்கத்தில் பேச்சுக்கான இடம் எது, புரிதலுக்கான இடம் எது, ரத்தக் குழாய் எங்கே அடைபட்டால் எது போகும் என்று நாட்காட்டியின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினேன். நன்றாக வந்தது என்றுதான் நினைக்கிறேன். தலைமையாசிரியை “சார் இவ்வளவு படிச்சிருக்கீங்களே!” என்று ஆச்சரியப்பட்டார்.

கணக்கு டீச்சர் கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு, “சாப்பாடு இறங்குதா டீச்சர்?” என்று கேட்டார். “இறங்குதுங்க, இட்லி மட்டும்தான்” என்று நான் சொன்னேன். கோதை என்னைப் பார்த்து “அதான்… அதான்… அதான்” என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். “பார்த்தீங்களா, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருது பாருங்க, இதுக்குத் தனியா ஒரு பேரே இருக்கு” என்று விளக்கினேன்.

அவர்கள் போனதும் கோதை காபி டம்ளரைத் தட்டிவிட்டாள்.

தமயந்தி தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “மாமா, ஒண்ணு சொல்றன், கோவிச்சுக்காதீங்க. அக்காளப் பக்கத்துல வெச்சுக்கிட்டே அக்காளப் பத்திப் பேசறீங்க.”

“அவளுக்குப் புரியாதுன்னு நான் சொல்லவே இல்லியே. புரிதல் நல்லா இருக்குதுன்னுதான் சொன்னேன்.”

“ஆமாங்க மாமா. அதுவும் அவளுக்குப் புரிஞ்சுதுங்க.”

பிப்ரவரி 3, திங்கள்

பயிற்சிக்கு இன்று நேரம் அமையவில்லை. இந்த வாரக் காணொலிகள் நீளமானவை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மகள் நறுமுகை புனேயிலிருந்து பேசினாள். “அப்பா, அம்மாகூட தினமும் உக்கார்றீங்களா?” என்று கேட்டாள். உட்கார்கிறேன் என்றேன். படிப்பதும் பயிற்சியில் ஒரு பகுதிதானே.

எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் கோதையுடையதுதான். கல்யாண வீடுகளில் அவள் பத்துப் பேருக்கு நடுவில் நின்று பேசுவாள்; நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். நான் எழுதும் விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டு, “பொறியாளருக்கு எந்த ‘ர’ எங்க வரும்னே தெரியலயே” என்று சொந்தக்காரர்கள் முன்னால் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பாடம் நடத்துவது அவள், கேட்டுக்கொள்வது நான்.

ஒன்று எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது. வீடு இப்போது இருக்கும் அமைதி எனக்குப் பிடித்திருக்கிறது.

மேலே இருக்கும் வரியை அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை. யாரும் படிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

‘கடல் நீரோட்டங்கள்’ என்று இன்னொரு பாடத்தில் சேர்ந்தேன். அதுவும் இலவசம். மூளையைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தால் மனம் கனத்துப்போகிறது. கடலுக்கு அடியில் குளிர்ந்த நீர் ஆறு போல ஓடுகிறதாம். ஒரு துளி உலகைச் சுற்றிவர ஆயிரம் வருடம்கூட ஆகுமாம். கேட்கவே சுகமாக இருக்கிறது.

காலையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கோதை என் அறைக் கதவருகே வந்து நின்றிருக்கிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, கையில் படக் கட்டை வைத்துக்கொண்டு, கூப்பிட்டிருக்கிறாள். தமயந்தி குளியலறையில் இருந்திருக்கிறாள். வெளியே வந்து பார்த்தபோது கோதை கதவில் நெற்றியைச் சாய்த்து நின்றிருந்தாளாம்.

நான் காதில் ஹெட்போன் போட்டிருந்தேன். கேட்கவில்லை.

இதை எழுதிவிட்டு யோசிக்கிறேன். கேட்கவில்லை என்பது முழுவதும் சரியல்ல. ஏதோ தட்டுவது போல இருந்தது. தமயந்தி பார்த்துக்கொள்வாள் என்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

இறுதி வேலை என்னவென்று சொல்லிவிட்டார்கள். பேச்சு பாதிக்கப்பட்ட ஒருவரைச் சம்மதம் வாங்கி ஐந்து நிமிடம் படம்பிடித்து, அவர் பேச முயல்வதைக் கவனித்து, ஒரு கட்டுரை எழுத வேண்டும். அப்படி யாரும் கிடைக்காதவர்களுக்கு அவர்களே ஒரு மாதிரிக் காணொலி தந்திருக்கிறார்கள். அதை வைத்தும் எழுதலாம், மதிப்பெண்ணில் குறைவு இல்லை.

ஆனால் ஆயிரம் பேர் அதே மாதிரிக் காணொலியைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு இப்படி ஒரு வாய்ப்பு வீட்டிலேயே இருக்கும்போது…

மார்ச் 5, புதன்

படக் கட்டைப் பிரித்தேன்.

காலையில் கோதையிடம், “பத்து மணிக்குப் பயிற்சி பண்ணலாமா?” என்று கேட்டேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தமயந்தியைக் கையால் கூப்பிட்டுத் தலையைக் காட்டினாள். தலை வாரிப் பின்னிவிடச் சொல்கிறாள் என்று தமயந்தி புரிந்துகொண்டாள். தான் பள்ளிக்கு உடுத்தும் நீலப் புடவையையும் கோதை எடுத்துவரச் செய்து உடுத்திக்கொண்டாள். பத்து மணிக்கு முன்பே மேசை முன் வந்து உட்கார்ந்துவிட்டாள். 

போனை அலமாரியில், பழைய நாளிதழ்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்தேன். முகம் நன்றாகத் தெரிந்தது.

பசு. “அதான்” என்றாள். குடை. “அதான்.” சீப்பு. “சீ…” என்று வந்தது. “சீ… சீ… அதான்.” இடது கையால் தலை வாருவது போலச் செய்து காட்டினாள். இது முக்கியமான கவனிப்பு: பொருள் தெரிகிறது, முதல் ஒலி வருகிறது, சொல் வரவில்லை.

நான்காவது படம் புத்தகம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு குவிந்தது, பிரிந்தது. மறுபடி குவிந்தது. ஒலி வரவில்லை. கண்ணில் நீர் வந்தது. எச்சிலும் வந்தது. பிறகு இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். இரண்டு முறை, மூன்று முறை.

நான் காத்திருந்தேன். காத்திருக்கத்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஐந்து நிமிடம் ஆக இன்னும் சில நொடிகள் பாக்கி இருந்தன.

முடிந்து நான் எழுந்தபோது என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். படக் கட்டைக் காட்டினாள். சுவரில் இருந்த நாட்காட்டியில் நாளைய தேதியைக் காட்டினாள். “சரி, நாளைக்கும் பண்ணலாம்” என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மார்ச் 6, வியாழன்

நாள் முழுவதும் கட்டுரை. அகராதியோடு மல்லுக்கட்டி எட்டுப் பத்திகள் எழுதினேன். காணொலியை ஏற்றினேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு சிறிய கட்டம் வந்தது. ‘படத்தில் இருப்பவரின் சம்மதம் பெறப்பட்டது’ என்று எழுதியிருந்தது. டிக் போட்டால்தான் அடுத்த பக்கம் போகும். போட்டேன்.

அவளிடம் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருக்கப் போகிறாள்? அதான் என்றுதான் சொல்லியிருப்பாள்.

பத்து மணிக்குக் கோதை மேசை முன் உட்கார்ந்திருந்ததாகத் தமயந்தி சொன்னாள். இன்று முடியவில்லை.

மார்ச் 13, வியாழன்

என் கட்டுரைக்கு மிகச் சிறந்தது என்ற மதிப்பு. இந்த முறை படித்தவர்களின் கட்டுரைகளில் தேர்ந்தெடுத்த ஐந்தில் என்னுடையதும் ஒன்று. எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். கீழே பிரேசிலிலிருந்து, கென்யாவிலிருந்து, எங்கெங்கிருந்தோ பாராட்டு. ஒருவர் ‘மருத்துவர் நல்லசிவம்’ என்றே எழுதியிருக்கிறார். நான் திருத்தவில்லை.

காலை உணவின்போது கோதையிடம், “நான் ஒரு படிப்புப் படிக்கறேனில்ல, அதுல முதல் அஞ்சு பேர்ல வந்திருக்கேன்” என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. இட்லியை வைத்துவிட்டு, இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தட்டிக்கொடுப்பாளே, அப்படி.

என்னால் சாப்பிட்டு முடிக்க முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அர்த்தநாரி வந்திருந்தான். என்னோடு ஒரே செக்‌ஷனில் இருபது வருடம் வேலை பார்த்தவன். கோதை படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். தமயந்தி கடைக்குப் போயிருந்தாள்.

படிப்பைப் பற்றிச் சொன்னேன். பாராட்டுகளைப் படித்துக் காட்டினேன். “அப்படி என்னப்பா செஞ்ச?” என்று கேட்டான். போனில் சின்னதாகத் தெரியும் என்று கூடத்து டிவியில் போட்டேன்.

டிவியில் கோதையின் முகம் சுவர் அளவுக்கு வந்தது. பசு வந்தது. குடை வந்தது. நான் பக்கத்தில் நின்று, எங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டான். “போதுமப்பா, நிறுத்து” என்றான்.

“இருப்பா, முக்கியமான இடம் இனிமேத்தான்” என்றேன்.

“நல்லசிவம், நிறுத்துன்னு சொல்றனல்ல!”

அவன் என் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பினேன். அறை வாசலில் வாக்கரைப் பிடித்தபடி கோதை நின்றிருந்தாள். டிவியில் அவள் தன் வாயில் அடித்துக்கொண்டிருந்தாள். அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரிமோட்டைத் தேடினேன். மேசையில்தான் இருந்தது, கண்ணுக்குப் படவில்லை. அர்த்தநாரி எழுந்து போய்ச் சுவரில் சுவிட்சை அணைத்தான்.

அலமாரியில் பழைய நாளிதழ்கள் இருந்த இடத்தைக் கோதை பார்த்தாள். பிறகு நான் அன்று உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். தமிழ் எழுதத் தெரியாதவன் எழுதியதைத் திருத்துவதுபோல, எது எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அப்புறம் மெதுவாக வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அர்த்தநாரி செருப்பை மாட்டும்போது, “டீச்சரம்மாகிட்டக் கேட்டுத்தான எடுத்த?” என்றான்.

“கேட்டேன்” என்றேன்.

மார்ச் 17, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

கோதை என்னைப் பார்த்து “அதான்” என்றுகூடச் சொல்வதில்லை. நான் அறைக்குள் போனால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறாள். போகும்வரை எடுப்பதில்லை.

தமயந்திக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அர்த்தநாரியின் மனைவி போனில் சொல்லியிருக்கிறாள். சமையலறைக்குள் என்னைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அத எத்தன பேருங்க மாமா பார்த்திருப்பாங்க?”

“பத்து இருபது பேர் இருக்கும். எல்லாம் வெளிநாட்டுக்காரங்க. நம்ம ஆளுக யாரும் இல்ல.”

காணொலிக்குக் கீழேயே எண்ணிக்கை போட்டிருந்தது. நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது.

“அன்னிக்கு அக்கா எதுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடத்துப் பொடவ கட்டுனான்னு தெரியுமுங்களா? நீங்க கூப்பிட்டீங்கன்னு. ரெண்டு மாசமா எப்பக் கூப்பிடுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தாளுங்க. எங்கிட்ட உக்காரமாட்டேன்னுட்டாளுங்க மாமா. உங்ககூடத்தான் உக்காருவேன்னு.”

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினேன். வாஷர் மாற்ற வேண்டும் என்று சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

மதிப்பெண் போட்டபின் காணொலியை நாமாக நீக்க முடியாது. பாடம் நடத்துபவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘குடும்பக் காரணங்களால்’ நீக்கும்படி கேட்டேன். பதில் சீக்கிரம் வந்தது. சம்மதம் தந்தவர் அதைத் திரும்பப் பெறுகிறாரா? அப்படியானால் உடனே நீக்கிவிடுவோம் என்று கேட்டிருந்தார்கள்.

திரும்பப் பெறுகிறார் என்று எழுதினால் முடிந்தது. மதிப்பெண்ணும் இருக்கும், சான்றிதழும் வரும். எழுதினேன். எழுதிவிட்டு அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன். கொடுக்காத ஒன்றை அவள் எப்படித் திரும்பப் பெறுவாள்? இதிலும் அவள் பெயரில் நானே ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில் நான் எழுதியதிலேயே சின்னக் கடிதம். என் மனைவியிடம் நான் கேட்கவில்லை. படமெடுப்பது அவளுக்குத் தெரியாது. கட்டத்தில் டிக் போட்டது பொய். இவ்வளவுதான். அகராதி தேவைப்படவில்லை.

மார்ச் 28, வெள்ளி

நீக்கிவிட்டார்கள். என் கட்டுரையையும் ரத்து செய்துவிட்டார்கள். சான்றிதழ் கிடையாது. அது நியாயம்தான். கடைசியில் பேராசிரியர் தன் கையாலேயே இரண்டு வரி சேர்த்திருந்தார். சம்மதத்தை நாங்கள் சரியாக விசாரித்திருக்க வேண்டும், உங்கள் மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகத் தயவுசெய்து சொல்லுங்கள் என்று.

போனை எடுத்துக்கொண்டு கோதையின் அறை வாசலுக்குப் போனேன். தலைப்பு வாய்க்குப் போனது.

“கோதை, அந்தப் படத்தை எடுத்துட்டாங்க. இனிமே யாரும் பார்க்க முடியாது. அந்தப் பேராசிரியரம்மா உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க.”

அவள் என்னையே பார்த்தாள். நான் மேலே ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. கண்ணை எடுக்கவே இல்லை. நன்றாகத்தான் காத்திருந்தாள்.

“அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முன்பின் தெரியாத பெண் ஒருத்தி, செய்யாத தப்புக்குக் கேட்ட மன்னிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னுடையது என்னிடமே இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோதை கோபிக்குப் போகிறாள். தமயந்தியும் நறுமுகையும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அங்கேயும் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஒருவர் இருக்கிறாராம். நறுமுகை என்னிடம் அதிகம் பேசவில்லை. “அம்மா தலையாட்டிச் சரின்னு சொன்னாங்கப்பா. நான் மூணு தடவ கேட்டேன்” என்றாள். மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

தமயந்தியின் வீட்டுக்காரர் கார் கொண்டுவந்தார். கோதை இடது கையால் தானே பை எடுத்து வைத்தாள். புடவைகள், மருந்து, கண்ணாடி. கடைசியில் படக் கட்டை எடுத்துப் பையின் மேலே வைத்தாள். கார் கதவை நான் மூடினேன். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

வீடு அமைதியாக இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கடல் பாடத்திலிருந்து தினமும் ஒரு செய்தி வருகிறது. ‘உங்களைக் காணவில்லையே, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்’ என்று. அதிலிருந்து விலகிக்கொண்டேன். ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டது. நேரமில்லை, கடினமாக இருக்கிறது, எதிர்பார்த்தது இல்லை, மற்றவை. ‘மற்றவை’யைத் தொட்டேன்.

மூன்றாவது ஞாயிறாகக் கோபி போனேன். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே குரல் கேட்டது. “பூ… னை.” பிறகு தமயந்தியின் குரல்: “அய்யோ, வந்திருச்சே! இன்னொருக்கா சொல்லு.” “பூனை.” கரகரவென்று, பழைய குரல் போலவே இல்லை. ஆனால் முழுச் சொல்.

ஒரு செருப்போடு அப்படியே நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. அதற்குள் தமயந்தியின் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “வாங்க, வாங்க” என்று சத்தமாகச் சொன்னார். உள்ளே பேச்சு நின்றுவிட்டது. நான் போனபோது கோதை தலைப்பால் வாயை மூடியிருந்தாள். மேசையில் பூனைப் படம் கிடந்தது.

மே 18, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

பேருந்தில் வரும்போது பல மாதிரி யோசித்து வைத்திருந்தேன். உன் நன்மைக்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன் என்று தொடங்குவது ஒன்று. அது பொய் அல்ல என்றாலும், அதைச் சொல்லும்போது நான் எப்படி நல்லவனாகத் தெரிவேன் என்று எனக்கே தெரிந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தமயந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகப் பார்த்தவளிடம், “நீயும் இரு” என்றேன்.

“கோதை, உன்னக் கேக்காமதான் எடுத்தேன். கேட்டா நீ வேண்டாம்னிருவேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல. உனக்கு வாய் வராதுங்கறது எனக்கு வசதியாப் போச்சு.”

தமயந்தி துணியை மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“நீ அழும்போது நிறுத்தியிருக்கோணும். நான் நேரத்தப் பார்த்துக்கிட்டிருந்தேன். என்னை மன்னிச்சுரு.”

கோதை என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் அசைந்தது. அழுகிறாளா, கோபமா, பின்னாலிருந்து பார்க்கத் தெரியவில்லை. சுற்றிப்போய் முகத்தைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 1, ஞாயிறு

கோபி போனேன். கோதை தலைப்பால் வாயை மூடவில்லை. பேசவும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

வழக்கம்போலப் போனேன். அங்கே போனதும் தமயந்தி டீ தருவாள். சர்க்கரை தூக்கலாகப் போடும் கை அவளுக்கு. பவானியில் என் காபி, டீயை நானே போட்டுக்கொள்வேன், மாத்திரை என் அறையில் இருக்கும்; அதனால் எனக்கு நீரிழிவு இருப்பது அவளுக்குத் தெரியாது. ஏப்ரலிலிருந்து ஞாயிறுதோறும் அதைத்தான் குடித்து வருகிறேன். எனக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று அந்த வீட்டில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

இன்றும் டம்ளரை நீட்டினாள். நான் வாங்கினேன். நாற்காலியில் இருந்த கோதை இடது கையை உயர்த்தினாள். வேண்டாம் என்பதுபோல. தமயந்தி திரும்பிப் பார்த்தாள்.

“என்னக்கா?”

கோதையின் உதடு அசைந்தது. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னை அல்ல.

“சக்… கர.” ஒரு மூச்சு வாங்கினாள். “சக்கர… போடா… த.”

“அய்யோ, மாமாவுக்குச் சக்கர இருக்குதுங்களா? தெரியவே தெரியாதே! இத்தன நாளா அள்ளி அள்ளிப் போட்டுக் குடுத்தனே!” என்று தமயந்தி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

நானும் கோதையும் மட்டும் இருந்தோம். ஏப்ரலுக்குப் பிறகு ஓர் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருப்பது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு ஞாயிறும் நான் அந்த டீயைக் குடிப்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இவ்வளவு நாள் சொல் வரவில்லையா, சொல்ல மனம் வரவில்லையா, எனக்குத் தெரியாது. நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் சொன்னால், அவள் எதையோ கொடுத்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டது போல ஆகிவிடும். பேசாமல் இருந்தேன். அவளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது.

டீ வந்தது. முழுவதும் குடித்தேன்.

கிளம்பும்போது “அடுத்த வாரம் வரட்டுமா?” என்று அவளைக் கேட்டேன். இதுவரை கேட்காமல்தான் வந்துகொண்டிருந்தேன். வெகு நேரம் யோசித்தாள். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பவானி வரும்வரை முகத்தை வெளிப்பக்கமாகவே வைத்திருந்தேன், பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது என்று.